ஆதாரத்தோடு எழுதுவோம், எல்லோருக்கும் விளங்க எழுதுவோம்

(யாழ்ப்பாணத்தில் ஆசிரியர்கள், மாணவர்கள், எழுத்தாளர்கள் கூடிய கூட்டமொன்றில் எமது சங்கத்தின் கல்விக் குழு சார்பாக ஆற்றப்பட்ட உரை. கூட்டத்துக்கு வர முடியாத தோட்டத் தோழர்களுக்காக இங்கே தருகிறோம்.)



மலையகத்திலிருந்து நாங்கள் இங்கு வந்தது சம்பளப் போராட்டம் பற்றிப் பேச அல்ல. அதைப் பற்றியும் பேச நிறைய இருக்கிறது, ஆனால் இன்று வேறு விடயம். எங்கள் பாட்டன் பூட்டன் கதையை யார் எழுதுவது, எப்படி எழுதுவது என்பதைப் பேச வந்திருக்கிறோம். அதை ஏன் யாழ்ப்பாணத்தில் வந்து பேச வேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, சொல்கிறோம்.

உங்கள் வீடுகளில் காணி உறுதி இருக்கும். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பில் எங்கள் காணி பதிந்திருக்கிறது என்று பெருமையாகச் சொல்லும் குடும்பங்கள் இந்தக் குடாநாட்டில் உண்டு. பேரன் பெயர், வளவின் பெயர், நான்கு எல்லை எல்லாம் அந்தக் கடதாசியில் இருக்கும். எங்கள் லயத்தில் அப்படி ஒன்றும் இல்லை. காணி இல்லாதவனுக்கு உறுதி ஏது? எங்கள் பெயர் இருந்த இடம் தோட்டத்துச் செக்ரோலும், கங்காணியின் கடன் கணக்கும்தான். இரண்டும் எங்கள் கையில் இருந்ததில்லை.

கடதாசி இல்லாதவனுக்கு என்ன நடக்கும் என்பதை 1948இல் கண்டோம். அந்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, தந்தை இலங்கையில் பிறந்தவர், அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. அந்தத் தலைமுறைகளின் பிறப்பு பெரும்பாலும் பதியப்படவே இல்லை. பிறகு 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன்படி எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போடப்பட்டது. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 134,000 பேருக்கு. மற்றவர்களிடம் நீ இத்தனை வருடம் இங்கே இருந்தாய் என்பதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டார்கள். மலையை வெட்டி, கோப்பி நட்டு, அது செத்த பிறகு தேயிலை நட்டவனிடம் கேட்ட கேள்வி அது.

ஆகவே ஆதாரம் என்பது எங்களுக்குப் பட்டதாரிகளின் சமாச்சாரம் அல்ல. ஆதாரம் இல்லாததால் வாக்குரிமை இழந்த சனம் நாங்கள். சரித்திரம் எழுதும்போது மட்டும் ஆதாரம் கிடக்கட்டும், உணர்ச்சி போதும் என்று எழுதினால், எங்களைத் தோற்கடித்த அதே ஆயுதத்தை எதிரியின் கையில் மறுபடி கொடுத்தவர்கள் ஆவோம்.

ஓர் உதாரணம் சொல்கிறோம். மன்னார் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்களில் எத்தனை பேர் செத்தார்கள்? மேடைகளில் ஒரு இலட்சம் என்பார்கள், இரண்டு இலட்சம் என்பார்கள், இன்னும் கூட்டுபவர்களும் உண்டு. பேசுகிறவரின் தொண்டையைப் பொறுத்து எண்ணிக்கை ஏறும். நூல்களில் அடிக்கடி வருவது 70,000 என்ற எண். 1840களில் வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் இறந்தார்கள் என்று 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை சொன்ன கணக்கிலிருந்து வந்தது அது. கொலரா, அம்மை, பசி, காட்டுக் காய்ச்சல், இவையெல்லாம் அந்தச் சாவுகளின் காரணங்கள்.

இந்த எண்ணை எழுதும்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்? ‘70,000 பேர் இறந்தனர்’ என்று மொட்டையாக எழுதக் கூடாது. ‘1849இல் கொழும்புப் பத்திரிகை ஒன்று 70,000 பேர் என மதிப்பிட்டது; இது பிணங்களை எண்ணி எடுத்த கணக்கல்ல’ என்று எழுத வேண்டும். இதை வாசிக்கும் கொழுந்தெடுக்கும் பெண் தடுமாற மாட்டாள். கடைக்காரன் கணக்குக்கும் தன் மனக்கணக்குக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியும். மதிப்பீடு என்று சொன்னால் கதை பலவீனப்பட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள் படித்தவர்கள்தான்.

இதே சங்கடம் ஆபிரிக்காவிலும் வந்தது. கென்யாவில் 1952இல் வெள்ளை அரசாங்கம் அவசரகாலச் சட்டம் கொண்டுவந்து, மௌ மௌ கிளர்ச்சியை அடக்கியது. கிக்குயு மக்களை முகாம்களில் அடைத்து வதைத்தது. 2005இல் கரோலின் எல்கின்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை அதைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். குடிசன மதிப்பீடுகளை ஒப்பிட்டு, ஒரு இலட்சத்து முப்பதாயிரம் முதல் மூன்று இலட்சம் வரையான கிக்குயு மக்கள் கணக்கில் காணாமல் போயிருக்கிறார்கள் என்று அதில் சொன்னார். அதே ஆண்டு டேவிட் அண்டர்சன் என்பவர் நீதிமன்றப் பதிவேடுகளைத் தோண்டித் தோண்டிப் பார்த்து, தூக்கிலிடப்பட்டவர்கள் 1,090 பேர் என்று எழுதினார். 2007இல் ஜோன் பிளாக்கர் என்ற குடித்தொகை அறிஞர் எல்கின்ஸின் கணக்கைச் சோதித்தார். மேலதிகச் சாவுகள் ஏறக்குறைய 50,000 என்றும், அதில் பாதி பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்றும் கண்டார்.

இப்போது பாருங்கள். ஐம்பதாயிரம் என்பது சின்னத் தொகையா? அதில் பாதி குழந்தைகள் என்றால் மனம் பதறாதா? ஆனால் பெரிய எண் ஆட்டம் கண்டபோது, இந்தக் கதையே கட்டுக்கதை என்று சொல்ல ஆசைப்பட்டவர்களுக்கு ஒரு சாட்டுக் கிடைத்தது. அண்டர்சனின் 1,090 ஆடவே இல்லை. வழக்கு வழக்காக எடுத்த எண் அது.

எல்கின்ஸைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. முகாம்களில் இருந்த கிழவர் கிழவிகளிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியவர் அவர். அந்த வாய்மொழியை நம்ப முடியாது என்றவர்கள் பலர். ஆனால் பாதிக்கப்பட்ட சில முதியவர்கள் லண்டனில் வழக்குப் போட்டார்கள். அவர்கள் பக்கம் எல்கின்ஸ், அண்டர்சன் போன்ற வரலாற்றாசிரியர்கள் நின்றார்கள். 2011இல் பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சு ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. குடியேற்ற நாடுகளை விட்டுப் போகும்போது தூக்கிக் கொண்டுபோன கோப்புகள் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. 37 நாடுகளின் கோப்புகள், 8,000க்கு மேல். கொண்டுபோக முடியாதவற்றை எரித்திருந்தார்கள், கடலிலும் போட்டிருந்தார்கள். கிழவர்கள் சொன்னது அந்தக் கோப்புகளில் இருந்தது. 2013 ஜூனில் பிரித்தானிய அரசாங்கம் வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்காக 19.9 மில்லியன் பவுண் தர இணங்கியது. அந்த 37 நாடுகளின் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. லண்டனில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

வாய்மொழியும் கடதாசியும் சக்களத்திகள் அல்ல என்பதற்காகத்தான் இத்தனையும் சொன்னோம். எங்கள் லயங்களில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லிக் கூட்டி வந்தார்கள் என்ற கதை. இதை எப்படி எழுதுவது? கங்காணி இந்தச் சொற்களை இந்த ஊரில் சொன்னான் என்பதற்கு இது அத்தாட்சி அல்ல. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போடும் முன்பே நாற்பது வருடங்களாக எங்கள் ஆட்கள் கோப்பிக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் நாங்கள் ஏமாற்றப்பட்டோம் என்று எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாக உணர்ந்து வந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. இரண்டையும் சொல்லுங்கள். கதையையும் சொல்லுங்கள், அது எதற்குச் சாட்சி என்பதையும் சொல்லுங்கள். கூடவே 1876 முதல் 1878 வரை மதராஸ் மாகாணத்தில் கொடும் பஞ்சம் இருந்தது என்பதையும் சொல்லுங்கள். வயிறு காய்ந்தவனை ஏமாற்றப் பெரிய பொய் தேவையில்லை.

இன்னொன்று. நேட்டாலுக்குப் போன தமிழரின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து எங்களுக்குப் பொறாமை வருவதுண்டு. 1860 நவம்பர் 16ஆம் திகதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு டர்பனில் சேர்ந்தது. 1911 வரை ஏறக்குறைய 152,000 பேர் நேட்டாலுக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு இலக்கம். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், எந்தக் கப்பல் எல்லாம் பதிந்தார்கள். அன்பினால் பதியவில்லை. ஐந்து வருட ஒப்பந்தக் கூலி ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே! ஆனால் அந்த ஏடு இன்றும் இருக்கிறது. டர்பனில் ஒரு பிள்ளை தன் பூட்டியின் ஊரைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. மொரீசியஸில் மோக்கா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில், வந்து இறங்கியவர்களின் படம்கூட இருக்கிறது.

எங்களுக்கு அது இல்லை. ஏன்? இலங்கைக்கு ஆள் வந்தது கங்காணி முறையில். துரை கங்காணிக்கு முன்பணம் கொடுப்பான். கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டுவான். வழிச் செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாம் ஆளின் தலையில் கடனாக ஏறும். அரசாங்கத்தின் முன் ஆளுக்கு ஆள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கிடையாது. ஆகவே ஏடும் கிடையாது. வேறு தோட்டத்துக்குப் போவதென்றால் கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ வேண்டும், அந்தக் கடனைப் புதிய துரை கட்ட வேண்டும். 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத் துண்டு வந்தது. மாவட்டத்தின் எழுத்து, தோட்டத்தின் இலக்கம், ஆளின் இலக்கம் பொறித்த தகரம். அதைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். பெயர் இல்லை, இலக்கம் மட்டும். சில வீடுகளில் சாமித் தட்டில் அந்தத் தகரம் இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் அதை விளையாட எடுத்துத் தொலைக்கிறார்கள். வாசிக்கும் தாய்மாரே, அதைப் பத்திரப்படுத்துங்கள்.

கங்காணி முறை ஒப்பந்தக் கூலியைவிட நல்லது, சுதந்திரமானது என்று அந்தக் காலத்துத் துரைமார் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை இன்றும் சிலர் அப்படியே திருப்பி எழுதுகிறார்கள். அதை வாசிக்கும்போது எழுதியவன் யார், யாருக்கு எழுதினான் என்று பாருங்கள். ஆள் பிடிக்க இந்திய அரசாங்கத்தின் அனுமதி தேவைப்பட்ட துரை வேறு எப்படி எழுதுவான்?

இனி எழுதும் விதம். ‘தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர், குடியமர்த்தப்பட்டனர், பாதிக்கப்பட்டனர்’ என்று எங்கள் கட்டுரைகளில் ‘பட்டனர்’ மயமாக இருக்கும். யார் கொண்டு வந்தது? வசனத்தில் ஆளையே காணோம். ‘கங்காணி ஏமாற்றிக் கூட்டி வந்தான்’ என்று எழுதினால் ஓர் ஆள் வருகிறான், ஆனால் பாதி உண்மைதான் வருகிறது. அவன் மடியில் இருந்தது துரையின் பணம். துரைக்குப் பின்னால் லண்டன் கொம்பனி, கொம்பனிக்குப் பக்கத்தில் காட்டைச் சல்லி விலைக்கு விற்ற அரசாங்கம். நான்கு பேரையும் எழுத நான்கு சின்ன வசனம் போதும். ‘குடியேற்றவாத முதலாளித்துவ உற்பத்தி உறவுகளின் கட்டமைப்பு ரீதியான’ என்று ஆரம்பித்தால், பெரட்டுக்குப் போய் வந்த களைப்பில் யார் வாசிப்பார்? எங்கள் தோழர்களும் இப்படி எழுதுகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை.

பெயர்களை எழுதுங்கள். 1940 ஜனவரி 10ஆம் திகதி முல்லோயாத் தோட்டத்தில் பொலிசார் சுட்டுக் கோவிந்தன் இறந்தார். விசாரணை ஆணைக்குழு வைத்தார்கள். கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். அந்தத் தோட்டத்து வழக்கில் பொலிசார் நடந்துகொண்ட விதத்தால் தேசாதிபதிக்கும் மந்திரிமாருக்கும் தகராறு முற்றி, மந்திரிசபையே பதவி விலகும் அளவுக்குப் போனது. இதை அரசியல் யாப்பு வரலாறாக எழுதும்போது தேசாதிபதி இருப்பார், மந்திரிமார் இருப்பார்கள், கோவிந்தன் இருக்க மாட்டார். நாங்கள் எழுதும்போது கோவிந்தனிலிருந்து தொடங்குவோம்.

கசப்பான ஒன்றையும் இங்கு வந்து பேசாமல் போனால் சரியில்லை. மலையக மேடைகளில் ‘ஜி. ஜி. பொன்னம்பலம் எங்கள் பிரஜாவுரிமையைப் பறிக்க வாக்களித்தார்’ என்பார்கள். யாழ்ப்பாண மேடைகளில் சிலர் ‘அவர் எதிர்த்தே வாக்களித்தார்’ என்பார்கள். இரண்டு பக்கமும் மேசையில் அடித்துச் சத்தியம் செய்யும். ஹன்சாட் இருக்கிறது, எடுத்துப் பார்க்கலாம். 1948 ஓகஸ்டில் வந்த முதல் சட்டமூலத்தை அவர் எதிர்த்தார். செப்டெம்பரில் டி. எஸ். சேனாநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தார். டிசம்பரில் வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமூலத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். செல்வநாயகம் அதை எதிர்த்தார், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. இரண்டு சட்டத்தை ஒன்றாகக் குழப்பியதால் எழுபது வருடத்துக்கு மேலாகச் சண்டை. திகதியோடு எழுதினால் கோபம் குறைந்துவிடாது, கோபத்துக்கு உரிய இடம் எது என்று தெரியும்.

இப்போது, யாழ்ப்பாணத்துக்கு ஏன் வந்தோம் என்ற கேள்விக்கு வருகிறோம். முதலாவது, எரிந்த நூலகத்தின் ஊர் இது. 1981இல் 97,000 நூல்கள் சாம்பலானதைக் கண்ட உங்களுக்குக் கடதாசியின் அருமை தெரியும். இரண்டாவது, எங்களைப் பற்றிய ஆதாரத்தில் ஒரு பங்கு உங்களிடம்தான் இருக்கிறது. மலையகத்தின் முதல் நூல் என்று சொல்லப்படும் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யை எழுதியவர் ஆபிரகாம் ஜோசப். 1869இல் அது அச்சானது யாழ்ப்பாணத்தில். தோட்டத்தை நடத்துபவனின் கண்ணால் எழுதப்பட்டது அது, ஆனாலும் ஆதாரம் ஆதாரம்தான். 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’யின் முதல் ஆண்டுகளும், எங்கள் ஆட்கள் காட்டில் செத்துக்கொண்டிருந்த ஆண்டுகளும் ஒன்றுதான். அந்தப் பழைய இதழ்களை எங்களுக்காக ஒருமுறை பக்கம் பக்கமாகப் புரட்டும் மாணவர் ஒருவராவது இந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டாரா?

அதைவிடப் பெரிது உங்கள் வீட்டுப் பெட்டகம். தோட்டத்துக் கிளாக்கராக, மருந்து கொடுப்பவராக, பள்ளிக்கூட வாத்தியாராக யாழ்ப்பாணத்தவர் எத்தனை பேர் மலைக்கு வந்தார்கள்! செக்ரோலை எழுதிய கை உங்கள் தாத்தாவின் கை. அந்தக் கை சிலவேளை அரைப்பேர் போட்டது என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள், அதையும் மறைக்கவில்லை. ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லையும் நாங்கள் மறக்கவில்லை. ஆனால் இன்றைக்கு வந்தது கணக்குத் தீர்க்க அல்ல, கணக்கைப் பார்க்க. அவர் ஊருக்குக் கொண்டுவந்த நாட்குறிப்பு, ஆஸ்பத்திரிப் பதிவுப் புத்தகம், வகுப்புப் படம், வீட்டுக்கு எழுதிய கடிதம், இவை எங்கள் மலையில் இல்லை. தோட்டங்களில் காரியாலயம் மாற்றும்போது பழைய ஏடுகளை அடுப்பில் போட்டதை எங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். கறையான் தின்றது மீதி.

நாங்கள் எதையும் எடுத்துக்கொண்டு போக மாட்டோம். தொலைபேசியில் படம் பிடித்தால் போதும். பக்கம் விடாமல், மட்டையையும் சேர்த்து, ஓரத்தில் கிறுக்கியதையும் சேர்த்துப் பிடியுங்கள். யார் வீட்டுப் பெட்டியில் இருந்தது, எழுதியவர் எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டுகளில் வேலை செய்தார் என்று ஒரு தாளில் எழுதி அதையும் படம் பிடியுங்கள். அது இல்லாவிட்டால் பத்து வருடத்தில் அந்தப் படம் ஊமையாகிவிடும். 2005 முதல் நூலகம் என்ற எண்ணிம நூலகம் தமிழ் ஏடுகளைச் சேர்த்து இணையத்தில் வைத்து வருகிறது, மலையக ஏடுகளும் அதில் ஏறியிருக்கின்றன. அங்கும் கொடுக்கலாம். பெயர் வெளியே வரக் கூடாது என்று குடும்பம் சொன்னால் போட மாட்டோம்.

மலையகத்தில் நாங்களும் இதே வேலையைத் தொடங்குகிறோம். இந்தச் செய்தி ஏட்டில் மாதம் ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். ஒரு தகரத் துண்டு, ஒரு பிறப்புப் பதிவு, கோயில் கல்லில் பொறித்த ஒரு வருடம், ஒரு கிழவி சொன்ன கதை, எதுவானாலும் ஒன்றை எடுத்து, அது எங்கிருந்து கிடைத்தது என்பதோடு போடுவோம். முதல் பக்கத்துக்குத் தோட்டக் கமிட்டித் தலைவர்கள் வருகிற சம்பள நாளுக்கு முன் எழுதி அனுப்ப வேண்டும். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதட்டும். கேட்ட திகதியையும் சொன்னவரின் வயதையும் மேலே குறிக்கட்டும்.